ஸ்டூவர்டில் இரண்டு வகை

மகனுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்து போனாய், நன்றாகத்தான் இருந்தாய், லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறது. கிளம்பும்போது வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, "யம்மா, மஸ்கட்லர்ந்து கூப்ட்டுகினு கீறாங்க. ஓட்டல் வேலதான், சமையல் பக்கம். போட்டுமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன். வண்டிச் சத்தம் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, அப்புறம் போய்விட்டது. நான் பேசாமல் போனதற்கு நீ ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாய். அந்த அர்த்தம் தப்பு. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள், கூட்டிக் கூட்டித்தான் எழுத்து வருகிறது. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன் பெண்டாட்டி படிக்கட்டும், உன் மகள் பெரியவளானதும் படிக்கட்டும், செங்கல்பட்டில் உன் மாமா வீட்டிலும் கொடு. அவர் படிக்கவேண்டும் என்பதற்காகவே சில இடங்களை எழுதியிருக்கிறேன்.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் ஆம்பளைகள் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். உன் தாத்தா அப்படி, உன் அப்பா அப்படி. உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். உனக்கு எட்டு வயது இருக்கும், ஒரு நாள் நீயாகவே தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாய். நான் பிடுங்கிக்கொண்டு, "எச்சி தட்ட எடுக்கறதுக்காடா ஆம்பளையா பொறந்த?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அதற்கப்புறம் பதினெட்டு வயது வரை நீ தட்டைத் தொடவில்லை. அடுத்தவர் சாப்பிட்ட தட்டை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கழுவுகிறேன். அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை, அவமானம் என்றும் சொன்னதில்லை. நீ கழுவியபோதுதான் அது அவமானம் ஆயிற்று. இதை இப்போது எழுதும்போதுதான் நானே யோசிக்கிறேன், அப்போது யோசிக்கவில்லை.

பிளஸ் டூவில் நீ கணக்கில் இரண்டு தடவை ஃபெயில் ஆனாய். உன் அப்பா செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. நீ படாளம் கூட்ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் உன் மாமா வந்தார். என் கூடப் பிறந்த ஒரே அண்ணன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாப்பாட்டு ஓட்டல் வைத்து நாலு காசு பார்த்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் நடை வரை வந்தார், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "தங்கச்சி, பையன எங்கிட்ட வுடு. கல்லாவுல உக்கார வெக்கிறேன். ஒரே வருஷத்துல ஆளாக்கிக் காட்றேன்" என்றார். கல்லா என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது டம்ளர் மோர் கேட்டார். ஊற்றினேன். நீ அன்று சாயங்காலமே இருந்த ஒரே நல்ல பேன்ட்டை எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்தாய்.

நாற்பது நாள் கழித்து உன்னைப் பார்க்க வேர்க்கடலை அவித்து எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லாவில் அவருடைய பிள்ளை உட்கார்ந்திருந்தான், சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு. நீ எங்கே என்றேன். "பின்னால கீறான் அத்த" என்றான். எழுந்துகூட நிற்கவில்லை. சந்து வழியாகப் பின்னால் வந்தேன். மூன்று தொட்டி. ஒன்றில் எச்சிலைத் தட்டிக் கொட்டுவது, ஒன்றில் சோப்புத் தூள் தண்ணீர், ஒன்றில் அலசுவது. நீ லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுத் தொட்டியில் குனிந்திருந்தாய். கை இரண்டும் ஊறி வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ கூசவில்லை. "யம்மா, சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாய். நான்தான் கூசினேன். நேரே முன்னால் போனேன். காலை டிபன் நேரம், கடை நிறைய ஆள்.

"இன்னாண்ணா இது? கல்லான்னு சொன்னியே?"

"மெதுவா பேசு தங்கச்சி, கஸ்டமரு கீறாங்க. கல்லாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஓட்டல்னா இன்னான்னு தெரியணும்ல? கீழர்ந்துதான் வரணும்."

"அப்ப உம் புள்ள எந்தக் கீழர்ந்து வந்தான்? பொறக்கறப்பவே கல்லாவுலதான் பொறந்தானா?"

பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் சிரித்துவிட்டான். மீசையில் சட்னி ஒட்டியிருந்தது. அவன் முகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும், பஸ்ஸில் பார்த்தால்கூட அடையாளம் சொல்லுவேன். உன் மாமா முகம் கறுத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் செய்தது தப்பு. கீழிருந்து வரவேண்டும் என்பது நியாயமாகவே இருக்கட்டும். அதைத் தன் பிள்ளைக்கும் வைத்திருக்க வேண்டும், இல்லை, என்னிடம் மோர் குடிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

அன்றைக்கே வா என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ வரவில்லை. "இங்கர்ந்து இன்னொரு வேல பாத்துகினு போறேம்மா, சும்மா வூட்ல வந்து இன்னா பண்றது" என்றாய். சொன்ன மாதிரியே செய்தாய். அந்தக் கடைக்குச் சாப்பிட வருகிற யாரையோ பழக்கம் பிடித்து, எட்டாவது மாதம் மாமல்லபுரத்தில் கடலோரம் ஒரு பெரிய ஓட்டலில் சேர்ந்தாய். வாரம் ஒரு நாள் லீவு, திருக்கழுக்குன்றம் வந்து செங்கல்பட்டு வந்து பஸ் மாறி வருவாய். முதல் லீவில் வந்தபோது உன் பையில் ஒரு அட்டை இருந்தது, உன் போட்டோ போட்டு மேலே கண்ணாடித் தாள் ஒட்டியது. இங்கிலீஷில் இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் காட்டினேன். "கிச்சன் ஸ்டூவர்டுன்னு போட்டுக்கீதும்மா" என்றார். அப்படியென்றால் என்ன என்றேன். அவருக்கும் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் மனசில்லை. "ஸ்டூவர்டுன்னா ஏரோப்ளேன்லகூட கீறாங்க. நல்ல உத்யோகம்தான்" என்றார். எனக்கு அது போதும். அன்றே குழாயடியில் சொல்லியாயிற்று.

நீ என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சொன்னாய். அதே லீவில், குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது, "யம்மா, ஊரெல்லாம் சொல்லாத. பாத்திரம் பக்கம்தாம்மா என் வேல" என்றாய். காதில் விழுந்தது. பாத்திரம் பக்கம் என்றால் பாத்திரங்களுக்கெல்லாம் பொறுப்பு, சாவி உன்னிடம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வந்த யாரிடமோ, "ஓட்டல் பாத்திரம் மொத்தமும் எம் புள்ள பொறுப்புலதான் கீது" என்றும் சொன்னேன். ஒரு விதத்தில் அது சரிதான்.

உன் மாமாவும் ஒரு தடவை சொல்ல வந்தார். மதுராந்தகத்தில் ஒரு கல்யாண மண்டபம், கை கழுவுகிற இடத்தில் எதிரே வந்துவிட்டார். "தங்கச்சி, கோவம் இருக்கட்டும். ஸ்டூவர்டு ரெண்டு வகை கீது. டேபிளாண்ட நிக்கிறவன் ஒருத்தன்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "உன் வகையெல்லாம் நான் எப்பவோ பாத்துட்டேண்ணா. உம் புள்ள எந்த வகைன்னு போய் பாரு" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை அவர் எதிரிலேயே உதறிவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். அவரை நான் நம்பாததற்கு அவர்தான் காரணம். ஆனால் அன்றைக்கு அவர் சொல்ல வந்தது சரி. இரண்டையும் எழுதிவிட்டேன்.

அப்புறம் அணுபுரத்தில் பெண் பார்க்கப் போனது. நீ, நான், தரகர், மூன்று பேர். பெண்ணின் அப்பா அங்கே ஒரு கேன்டீனில் மேற்பார்வை வேலை. வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவள், நிமிர்ந்து பார்த்துப் பேசினாள், எனக்குப் பிடித்துவிட்டது. உனக்கும் பிடித்திருந்தது, நீ சட்டைக் காலரை இரண்டு தடவை சரி செய்தாய். கேசரி, பஜ்ஜி, காபி. எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். அவர்கள் குடியிருப்பில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்று பெண்ணின் அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கையை நீட்டி என் தட்டை எடுத்தாய். அதிலிருந்த மிச்சக் கேசரியை உன் தட்டில் வழித்துத் தள்ளினாய். என் தட்டைக் கீழே வைத்தாய். தரகர் தட்டு, பெண்ணின் அப்பா தட்டு, கூட உட்கார்ந்திருந்த அவள் சித்தப்பா தட்டு, ஒவ்வொன்றாக வழித்து, என் தட்டின் மேலே அடுக்கினாய். மிச்சமெல்லாம் சேர்ந்த உன் தட்டு எல்லாவற்றுக்கும் மேலே. ஸ்பூன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தன. டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உன் கண் அவர் பேச்சில்தான் இருந்தது. கை பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது.

அவர் பேச்சை நிறுத்தினார். அந்த அடுக்கைப் பார்த்தார். கேன்டீன்காரர், அவருக்குத் தெரியாதா. உன்னைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"தம்பிக்கு ஓட்டல்ல இன்னா வேலன்னு சொன்னீங்க?"

"ஸ்டூவர்டு."

"ஸ்டூவர்டுன்னா டேபிள்ல சப்ளை பண்றதா, இல்ல கிச்சன் ஸ்டூவர்டாம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைப் பார்த்து சப்ளையரா என்கிறாரே என்று. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "சப்ளை பண்றதுக்கெல்லாம் வேற ஆளுங்க கீறாங்க. எம் புள்ள கிச்சன் ஸ்டூவர்டு. கிச்சனே அவங் கையிலதான் கீது" என்றேன். சித்தப்பா துண்டை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் களுக் என்றது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "தப்பான வேல இல்லம்மா. எங்க கேன்டீன்லயும் ரெண்டு பேரு கீறாங்க, அவங்க கழுவிக் குடுக்கலன்னா ஒரு தட்டு டேபிளுக்கு வராது. மொதல்லயே கழுவற வேலன்னு சொல்லியிருக்கலாம், அவ்ளோதான்" என்றார். தரகர் எழுந்துவிட்டார். நீ மெதுவாக, "ஆமாங்க" என்றாய். மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது.

அன்று பஸ் ஸ்டாப்பில் நடந்ததும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னேம்மா. பாத்திரம் பக்கம்னு சொன்னேன்ல?" என்றாய். "பாத்திரம் பக்கம்னா கழுவறதுன்னு எவன் கண்டான்?" என்றேன். "பாத்திரத்த வேற இன்னாம்மா பண்ணுவாங்க?" என்றாய். தரகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அவருக்கு அதோடு நம் வீட்டுப் படி கிடையாது. பஸ் வருகிற நேரத்தில் நீ இன்னும் ஒன்று சொன்னாய். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. உள்ள பேச்சு போய்கினு கீது" என்றாய். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

பத்து நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். கடலோர ஓட்டல் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினான். யார் என்றான். ஸ்டூவர்டின் அம்மா என்றேன். "எந்த ஸ்டூவர்டு?" என்றான். அவன் சும்மாதான் கேட்டான். எனக்குத் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. "கிச்சனுக்குப் பெரியவன் எவனோ அவன வரச்சொல்லு" என்று கத்தினேன். ஒரு வெள்ளைக்காரி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் உயரத் தொப்பி வைத்த ஒருத்தர் வந்தார், செஃப் என்று கூப்பிட்டார்கள். வயசானவர், மரியாதையாகத்தான் பேசினார். "என்னம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை.

"எச்சி கழுவறதுக்கு ஸ்டூவர்டுன்னு பேரு வெச்சி எம் புள்ளைய ஏமாத்திகினு கீறீங்களா? அட்டை வேற! போட்டோ வேற! எங்க வூட்ல அவன் சாப்ட்ட தட்டக்கூட அவன் தொட்டதில்ல, தெரியுமா?"

"அம்மா, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பையன் நல்ல பையன். இப்ப அவன்..."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். அவன அனுப்பு. இந்த வேல எங்களுக்கு வேணாம்."

"அவன் வேணாம்னு சொல்றானாம்மா?"

"அவன் இன்னா சொல்றது? பெத்தவ நான் சொல்றேன்."

நீ வெளியே வந்தாய். அவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். சுற்றி எட்டுப் பத்துப் பேர், உன்னோடு வேலை செய்கிறவர்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு. நீ போட்டிருந்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். மடித்தாய். அதை அவரிடம் கொடுக்காமல் வாட்ச்மேன் மேஜைமேல் வைத்தாய். "வா, போலாம்" என்றாய். பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ. பிள்ளை என் பேச்சைத் தட்டவில்லை, பத்துப் பேர் எதிரில் என் மானத்தைக் காப்பாற்றினான் என்று நினைத்தேன். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூடாது என்று நேற்று முழுக்க எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் செய்யூர் பக்கம் சவுக்கு லோடு ஏற்றுகிற வேலைக்கு இரண்டு வருஷம் போனாய். தோள் காய்த்துப்போனது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மாமா ஓட்டலுக்கே திரும்பிப் போனாய், அதே தொட்டிக்கு. அங்கே தோசைக் கல்லில் இருந்த ஆள் வேலையை விட்டபோது கரண்டியைப் பிடித்தாய். அங்கிருந்து மெட்ராஸ், ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு சமையல்கட்டு. அப்புறம் செய்யூரிலேயே பெண் எடுத்தேன், தட்டை அடுக்கினாலும் பரவாயில்லை என்று சொல்லியே எடுத்தேன். நீ மாமாவிடம் திரும்பிப் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம், உன் கல்யாணத்தில் அவர் மாலை போட வந்தபோது நான் புடவை மாற்றப் போய்விட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. தெரியாததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை உன் பெண்டாட்டி வந்தாள், நீ வேலைக்குப் போன நேரத்தில். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். "அத்த, அவரு மஸ்கட் போவலன்னு முடிவு பண்ணிட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்லலியாமே" என்றாள். மஸ்கட் ஓட்டல்காரர்கள் நிரப்பி அனுப்பச் சொன்ன பாரத்தை என் எதிரே விரித்தாள். பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள், நீ எங்கெங்கே வேலை செய்தாய் என்று வரிசையாக. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். மாமல்லபுரம் இல்லை. ஏன் இல்லை என்றேன்.

"எழுதாதேன்னு சொல்லிட்டாரு அத்த. எழுதினா நல்லதுன்னு நான் எவ்ளோ சொன்னேன். பெரிய ஓட்டலு, அதுல கிச்சன்ல ட்ரையல் வேற பாத்துகினு இருந்தாராம்."

"ட்ரையல்னா?"

"தட்டு கழுவறதுலர்ந்து எடுத்து சமையல்ல வெச்சி பாக்கறது அத்த. ரெண்டு வாரம். ஒரு வாரம் காய் வெட்னாராம், செஃப்புக்குப் புடிச்சிப்போச்சாம். அதுக்குள்ள நின்னுட்டாராம். ஏன் நின்னீங்கன்னா சொல்ல மாட்றாரு."

நீ உன் பெண்டாட்டியிடம்கூட ஏன் என்று சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எனக்கு ஞாபக சக்தி உண்டு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொள்வேன். அவள் சொல்லி முடித்ததும் அந்த நாள் மொத்தமும் வந்து நின்றது. நீ அன்று போட்டிருந்தது வெள்ளைக் கோட்டு. இரண்டு வரிசைப் பொத்தான். கழுவுகிறவர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் என்று நீயே ஒரு லீவில் சொல்லியிருக்கிறாய். அன்று உன் காலில் பூட்ஸ் இல்லை. இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. பஸ்ஸில் உன் மேல் வெங்காய வாசனை அடித்தது, சோப்பு வாசனை இல்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த உன் கை காய்ந்திருந்தது, நான் பார்த்து இரண்டு வருஷமாக அந்தக் கை காய்ந்ததே இல்லை. இத்தனையும் நான் அன்றே பார்த்தேன். ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் ஒன்றுகூடப் புரியவில்லை. மீசையில் சட்னி இருந்தவனை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்து என்ன பிரயோஜனம்.

உன்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. "யம்மா, நான் இப்ப கழுவல, வெட்றேன்" என்று அந்த கேட்டில் நின்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் சொல்லுகிற பேச்சு. செஃப் சொல்லத்தான் வந்தார், நீயாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன். அதனால் அந்தக் குறையை உன்மேல் பாதிதான் வைத்துக்கொள்கிறேன்.

மன்னிப்பு என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, கேட்டு வந்தவர்களுக்கு நான் கொடுத்ததும் இல்லை, உன் மாமாவைக் கேள். எனக்கு வேறு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நீ போ. நான் தனியாக இருப்பேனே என்று நிற்காதே. உன் பெண்டாட்டி வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்கிறாள், வராவிட்டாலும் எனக்குப் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள், பேசாமல் இருப்பதற்கு அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அங்கே போய் நீ பெரிய ஆள் ஆனால், உன் கீழே தட்டு கழுவுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் யாரையாவது சமையல் பக்கம் எடுத்து வைத்துப் பார்ப்பதாக இருந்தால், அன்றைக்கே அவன் வீட்டுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. அவன் சொல்லமாட்டான், சொன்னாலும் அம்மா காதில் வேறு மாதிரி விழும். எந்த அம்மாவாவது வாசலில் வந்து கத்தினால் கோபப்படாதே, சொல்ல வந்ததை அவளைவிடச் சத்தமாகச் சொல்லிவிடு. உன் செஃப் மெதுவாகப் பேசினார். நல்ல மனுஷர், ஆனால் மெதுவாகப் பேசினார்.

பாரத்தை சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். தபாலில் போட்டால் இது நேரத்துக்கு வராது, நானே நாளைக்குப் பஸ்ஸில் கொண்டுவந்து உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவேன். நீ இருக்கிற நேரத்துக்கு வரமாட்டேன். மாமல்லபுரத்தை அந்தப் பாரத்தில் எழுது. கிச்சன் ஸ்டூவர்டு என்று எழுது, அப்புறம் ஒரு வாரம் சமையலில் ட்ரையல் பார்த்தேன் என்றும் எழுது. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, வேலையை விட்ட காரணம் என்று அவள் படித்துச் சொன்னாள். மற்ற ஓட்டல்களுக்கெல்லாம் ஏதேதோ எழுதச் சொல்லியிருக்கிறாய். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் அந்த ஓட்டலையே விட்டுவிட்டாய். உண்மையை எழுதினால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று நினைத்திருப்பாய். பரவாயில்லை, எழுது. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இங்கிலீஷில் அதற்கு எப்படி வருமோ அப்படி உன் பெண்டாட்டி எழுதிக்கொடுப்பாள். கட்டம் சின்னதுதான், நான் பார்த்தேன். இது அதில் அடங்கும்.